டீசென்ட் ஃபேமிலிக்கு மட்டும்

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட மூத்த அண்ணன் திரவியம் அவர்களுக்கு, தங்கை ராஜமணி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மாப்பிள்ளையும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். மனசளவில் எப்படி இருக்கிறோம் என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அங்கு நீங்களும் மதினியும் கடையும் குறைவில்லாமல் இருக்க நம்ம ஊர் அம்மனைக் கும்பிடுகிறேன். இத்துடன் மரியாதை முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆட்டோவில் ஏறினால் கால் மணி நேரத்தில் வந்துவிடுகிற தூரத்தில், சாலைக் கடைத்தெருவில் மொத்த மிளகாய் வியாபாரம் செய்கிற சொந்த அண்ணனுக்குத் தபாலில் கடிதம் எழுதும் நிலை ஏன் வந்தது என்று நீங்கள் கேட்கலாம். கேட்க மாட்டீர்கள். காரணம் உங்களுக்கே தெரியும். என் நம்பரை பிளாக் செய்திருக்கிறீர்கள். வாட்ஸப்பில் நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. நேரில் வந்தால் "முதலாளி சரக்கெடுக்க விருதுநகர் போயிருக்காரு" என்று கடை ஆளைச் சொல்லச் சொல்லிவிட்டு மூட்டைக்குப் பின்னால் நிற்கிறீர்கள். மிளகாய்க் கடையில் ஒளிந்து நிற்கிறவர் தும்மாமல் இருக்கவாவது பழகியிருக்க வேண்டும்.

உங்கள் மாப்பிள்ளைக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை கிடைத்து நாங்கள் தூத்துக்குடியை விட்டு வந்தபோது, இந்த வீட்டைக் காட்டியது நீங்கள். கேட்டில் தொங்கிய போர்டைப் படித்துக் காட்டியதும் நீங்கள். "டு லெட். டீசென்ட் ஃபேமிலி ஒன்லி." வீட்டுக்கார அம்மாவிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "எந்தங்கச்சி குடும்பம் மாதிரி டீசென்ட் ஃபேமிலி இந்த டவுன்லயே கெடையாது" என்று சொன்னீர்கள். திரும்பி என்னிடம், "கொஞ்சம் டீசென்டா இருந்துக்கோட்டி" என்றீர்கள். நான் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்த டீசென்ட், சட்டையை அயர்ன் பண்ணிப் போடுகிற டீசென்ட். பொண்ணு பார்க்க வந்த பையன் தட்டில் இருந்து ஒரே ஒரு பிஸ்கட் எடுத்தால் நம்ம ஊரில் டீசென்ட் என்போமே, அது. இந்த வார்த்தைக்குள்ளே இத்தனை பள்ளம் மேடு இருக்கும் என்று நான் கண்டேனா? நீங்களாவது கண்டீர்களா? காணாமலேயே வாக்குக் கொடுத்தீர்கள்.

வீட்டுக்காரர் சரஸ்வதியம்மாள் தனியாக இருக்கிறவர், பள்ளிக்கூடத்தில் ஆயுசு முழுக்க இங்கிலீஷ் நடத்தி ரிட்டயர் ஆனவர் என்று சொன்னீர்கள். வாஸ்தவம். ஆனால் அவ்வளவு இங்கிலீஷ் நடத்தியவர் கையில் கடைசியில் மிச்சம் இருப்பது இந்த ஒரே வார்த்தைதான் என்று நீங்கள் சொல்லவில்லை. மாடிக்கு நாங்கள் குடி வந்த மறுநாளே உங்கள் மாப்பிள்ளையின் கைலியை மொட்டை மாடிக் கொடியில் காயப் போட்டேன். கீழேயிருந்து குரல். "ராஜமணீ, ரோட்டைப் பார்த்துண்டு கைலி தொங்கறது டீசென்ட் அல்ல கேட்டியோ." சரி என்று வீட்டுக்குப் பின்னால், அவர்கள் குளிமுறிக்கு, அதுதான் குளியலறைக்கு, பக்கத்தில் கொடி கட்டி அங்கே போட்டேன். மாவரைக்க கிரைண்டர் போட்டேன். இட்லி மாவு விற்றுத்தான் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் இருக்கிற பையனுக்கு நாலு காசு அனுப்புகிறேன் என்று உங்களுக்கே தெரியும். "காலங்கார்த்தால கடகடன்னு சத்தம். டீசென்டா ஒரு நேரத்துல அரைக்கப்படாதோ?" பொழுது விடிந்த பிறகு அரைக்கிற மாதிரி நேரத்தை மாத்தினேன். மீன் உள்ளே வரக்கூடாது என்று முதலிலேயே பேச்சு. அதற்கும் சம்மதிச்சு, உங்க மாப்பிள்ளை வேண்டிய மீனை ஹார்பர் பக்கத்துக் கடையிலேயே தின்னுட்டு, கையை சோப்புப் போட்டு மூணு தடவை கழுவிட்டு வாராவ. அப்படியும் கேட்டைத் திறக்கும்போது டீச்சரம்மா மூக்கைச் சுளிக்காவ. வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லல. சொல்லாட்டாலும் அந்த வார்த்தை என் காதுல விழுந்துட்டு.

அப்புறம் பேச்சு. உங்க மாப்பிள்ளைக்குக் கன்டெய்னர் தூக்குற கிரேனுக்குக் கீழே நிக்கிற வேலை. அந்த இரைச்சல்ல கத்திக் கத்தி, வீட்ல வந்து "சாம்பார் ஊத்து"ன்னு சொன்னாலும் கப்பலுக்குச் சொல்லுத மாதிரிதான் வரும். "டீசென்டா, மெதுவா பேசப்படாதா"ன்னு டீச்சரம்மா சொன்னாவ. பாவம் அந்த மனுஷன், ஒரு வாரம் குசுகுசுன்னுதான் பேசினாவ. என்ன ஆச்சு தெரியுமா? எதிர் வீட்டுக்காரங்க எங்களுக்குள்ள பெரிய சண்டை, புருஷன் பொண்டாட்டி பேச்சுவார்த்தையே கெடையாதுன்னு முடிவு பண்ணி, என்னை ஓரமா கூட்டிட்டுப் போய் "எந்தா மோளே ப்ரஸ்னம்?"னு கேட்டாங்க. நான் இல்லன்னு சொல்லச் சொல்ல, பாவம் மறைக்கான்னு எம்மேல கூடுதலா இரக்கப்பட்டாங்க.

இதையெல்லாம் நான் பொறுத்தேன். பொறுக்க முடியாத ஒண்ணைச் சொல்லுதேன், கேளுங்க. வாசல்ல எங்க பேரை எழுதி ஒரு சின்னப் பலகை மாட்டப் போனோம். டீச்சரம்மா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுப் பாத்தாவ. "உச்சிமாகாளி... இந்தத் தெருவுல இப்படி ஒரு பேர் வாசல்ல இருந்தா கொஞ்சம் என்னமோ மாதிரி இருக்கும். டீசென்டா மகேஷ்னு வெச்சுக்கலாமே. நான் எல்லார்ட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்"ன்னாவ. அண்ணே, எங்க மாமியாருக்கு ரெண்டு பிள்ளை தங்காமப் போயி, நேர்ந்துகிட்டுப் பெத்து வச்ச பேரு அது. ஒரு பேரு எப்படிண்ணே டீசென்ட் இல்லாமப் போகும்? உங்க மாப்பிள்ளை சிரிச்சுக்கிட்டே, "விடுட்டி, கூப்பிடுற பேருதானே, வயசானவுக"ன்னு சொல்லிட்டாவ. அவுக விட்டாவ, தெரு விடல. கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவன் உச்சிமாகாளி வீடு எதுன்னு தெருவுல கேட்க, அப்படி யாரும் இங்க இல்ல, அது மகேஷ் வீடுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க. பையன் அனுப்பின பார்சல் திரும்பிப் போச்சு. வோட்டர் கார்டுல விலாசம் மாத்துறதுக்கு விசாரிக்க வந்தவர்ட்ட, இங்க மகேஷ்தான் தாமசம், அதாவது குடியிருக்காருன்னு நல்ல மனசோட நாலு பேரு சாட்சி சொல்லியிருக்காங்க. குடியிருக்கிற வீட்டு வாசல்ல நின்னுகிட்டு, நான்தான் நான்னு நிரூபிக்க முடியாம அந்த மனுஷன் முழிச்சாவ.

இதுக்கு நடுவுல நான் ஏமாந்த கதை ஒண்ணு இருக்கு. ஒருநாள் கோபத்தை ஒதுக்கி வச்சுட்டு நாலு இட்லி, மிளகாய்ப் பொடி, நல்லெண்ணெய் ஊத்தித் தட்டுல கொண்டு போய்க் குடுத்தேன். டீச்சரம்மா ஒரு விள்ளல் எடுத்து வாயில போட்டு, கண்ணை மூடி, "இட்ஸ் குவைட் டீசென்ட்"ன்னாவ. அண்ணே, எனக்குக் கால் தரையில நிக்கல. டீசென்ட்டுக்கு மேல ஒரு குவைட்டும் போட்டுட்டாவளே! மாவு வாங்க வந்த அத்தனை பேர்ட்டயும் சொன்னேன். பாங்கில வேலை பாக்குற சபீனா மேடம்ட்டயும் சொன்னேன். அந்தப் பிள்ளை வாயைப் பொத்திச் சிரிச்சுது. "சேச்சி, குவைட் டீசென்ட்னு சொன்னா கொள்ளாம், ரொம்ப நல்லாயிருக்குன்னு அர்த்தம் இல்ல. தரக்கேடில்லன்னுதான். பரவாயில்ல, கழிக்கலாம், அவ்வளவுதான்" அப்படின்னுது. இந்த ஊர்ல கழிக்கிறதுன்னா சாப்பிடுறதுங்கது எனக்கு இப்ப பழகிட்டு. ஆனா அன்னைக்கு அந்த வார்த்தையும் சேர்ந்து நெஞ்சுல குத்திச்சு.

வீட்டுக்கு வந்து போன்ல டிக்ஷனரியைத் திறந்தேன். உங்க மாப்பிள்ளை கட்டில்ல படுத்துக் கேட்டுக்கிட்டு இருந்தாவ. ஒழுக்கமானன்னு போட்டிருக்கு. கண்ணியமான, மரியாதையான, சரிதான்னு நினைச்சேன். கொஞ்சம் கீழே போனா, போதுமான, சுமாரான, ஏற்றுக்கொள்ளத் தக்கன்னு இறங்கிக்கிட்டே போகுது. இன்னும் கீழே, அன்பாக உதவி செய்தால் அதுவும் டீசென்டாம். எல்லாத்துக்கும் அடியில ஒரு உதாரணம்: கதவுக்கு வெளியே நின்னு "ஆர் யூ டீசென்ட்?"னு கேட்டா, துணிமணி ஒழுங்கா உடுத்தி இருக்கியா, உள்ளே வரலாமான்னு அர்த்தமாம். ஒரே வார்த்தை, அண்ணே! மரியாதைக்கும் அதுதான், சுமாருக்கும் அதுதான், பாவாடை கட்டியிருக்கதுக்கும் அதுதான். உங்க மாப்பிள்ளை, "கடைசிது நல்லாயிருக்கே"ன்னு, அந்த "ஆர் யூ டீசென்ட்"டை ரெண்டு தடவை சொல்லிப் பாத்தாவ. இதுல எந்த அர்த்தத்துக்கு நாங்க வாடகை குடுத்துக்கிட்டு இருக்கோம்னு மறுநாளே கீழே போய்க் கேட்கணும்னு இருந்தேன். கேட்க முடியல.

மறுநாள் காலையில டீச்சரம்மா குளிமுறியில விழுந்துட்டாவ.

செம்பு உருளுற சத்தம் கேட்டுது. அப்புறம் ஒரு சத்தமும் இல்ல. நானும் உங்க மாப்பிள்ளையும் ஓடினோம். கதவு உள்ளே தாழ்ப்பாள். "டீச்சரம்மா, டீச்சரம்மா"ன்னு தட்டுதேன், முனகல்தான் கேக்குது. உங்க மாப்பிள்ளை கடப்பாரையை எடுத்துட்டு வந்து கீல்ல வச்சவுக, என்ன நினைச்சாவளோ, சட்டுன்னு நின்னுட்டாவ. இத்தனை நாளா அடக்கி வச்சிருந்த குரல் அத்தனையும் சேத்து, கப்பல்ல நிக்கிறவனுக்குக் கேக்குற மாதிரி, "டீச்சர்! ஆர் யூ டீசென்ட்?"னு ஒரே கத்து. தெரு முழுக்க ஜன்னல் திறந்துச்சு. உள்ளே இருந்து, அந்த வலியிலயும் உச்சரிப்பு சுத்தமா, "நாட் அட் ஆல்! ராஜமணி மட்டும் வரட்டும்!"னு பதில் வந்துச்சு.

அவுக கீலைப் பெயர்த்துக் கதவைத் தூக்கி ஓரமா வச்சுட்டு சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னுட்டாவ. நான் உள்ளே போனேன். அந்த அம்மா ஈரத் தரையில கிடந்த கோலத்தைப் பாத்ததும் எனக்கு எல்லாக் கோபமும் மறந்து போச்சு, அழுகைதான் வந்துச்சு. துண்டு நனைஞ்சு கிடக்கு. கைக்கு எட்டினது பக்கத்துக் கொடியில காய்ஞ்ச நீலக் கட்டம் போட்ட கைலிதான். அதைச் சுத்தி, முடிச்சுப் போட்டு, "இனி வாங்க"ன்னு கூப்பிட்டேன். உங்க மாப்பிள்ளை வந்து, இடுப்பு அசையாம, பாரம் தூக்குற கணக்குல நிதானமாத் தூக்கி ஆம்புலன்ஸ்ல ஏத்தினாவ. டீச்சரம்மா கைலியோட நுனியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வழி முழுக்க என் கையை விடவே இல்ல.

ஆஸ்பத்திரியில எலும்பு முறிவு, உடனே ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. பைஸ்டாண்டர், அதாவது நோயாளிக்குத் துணைக்கு இருக்கிற ஆள், யாருன்னு கேட்டதுக்கு, அரை மயக்கத்துல டீச்சரம்மா மகேஷ்னு சொல்லியிருக்காவ. மைக்குல "சரஸ்வதியம்மாளின் பைஸ்டாண்டர் மகேஷ்"னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. உங்க மாப்பிள்ளை மைக்குக்கு நேர் கீழே உக்காந்து, "யாரோ ஒரு மகேஷ், பொறுப்பில்லாத பய, இந்த நேரத்துல எங்க போய்த் தொலைஞ்சானோ"ன்னு எங்கிட்டச் சொல்லுதாவ! எனக்குத்தான் திடீர்னு உறைச்சுது. "ஏங்க, அந்த மகேஷ் நீங்கதாங்க!"ன்னு நான் கத்தின கத்துல அங்க இருந்த எல்லா மகேஷும் எந்திரிச்சுட்டாங்க.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கண் முழிச்சதும் டீச்சரம்மா எங்க ரெண்டு பேரையும் பாத்தாவ. ஏதோ சொல்ல வாய் எடுத்தாவ. நான் பக்கத்துல குனிஞ்சேன். "தட் வாஸ் வெரி டீசென்ட் ஆஃப் யூ"ன்னாவ. நீங்களே நியாயம் சொல்லுங்கண்ணே. இட்லிக்கும் அந்த வார்த்தை, இதுக்கும் அந்த வார்த்தையா? எனக்கு அடக்க முடியல. "டீச்சரம்மா, இது எந்த டீசென்ட்? ஒழுக்கமா, சுமாரா, துணி உடுத்தி இருக்கதா?"ன்னு கேட்டேன். நர்ஸ் என்னை வெளியே போகச் சொல்லிட்டு.

அதோட முடிஞ்சிருந்தாலும் நான் இந்தக் கடுதாசி எழுதியிருக்க மாட்டேன். பெங்களூர்ல இருந்து டீச்சரம்மாவோட அண்ணன் மகன் ஸ்ரீகண்டன்னு ஒருத்தர் வந்தாரு. வாசனையா இருந்தாரு. எங்களை வராண்டாவுல நிப்பாட்டிக் கையைக் குலுக்கினாரு. ஒரு ஸ்வீட் பெட்டியும் குடுத்தாரு. "நீங்க செஞ்சதெல்லாம் கேள்விப்பட்டேன். யூ ஆர் வெரி டீசென்ட் பீப்பிள். அதனாலதான் நேரா சொல்றேன். அத்தையை நான் கூட்டிண்டு போறேன். வீட்டைப் பூட்டிடலாம்னு இருக்கு. நீங்க தகராறு ஒண்ணும் பண்ண மாட்டேள்னு நேக்குத் தெரியும். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணித் தந்தா கொள்ளாம்" அப்படின்னாரு.

டிக்ஷனரியில இல்லாத அர்த்தம் ஒண்ணு இருக்குண்ணே. அதை அன்னைக்குத்தான் தெரிஞ்சுகிட்டேன். வெளியே போன்னு சொன்னா வாயைத் திறக்காமப் போறவன் டீசென்ட். கைலியைப் பின்னால போடுன்னா போடுறவன், பேரை மாத்துன்னா மாத்துறவன், மெதுவாப் பேசுன்னா குசுகுசுக்கிறவன், போர்டுல எழுதி வச்சுத் தேடுனது இந்த ஆளைத்தான். உங்க மாப்பிள்ளை அப்பவும், "சரிங்க சார், பாத்துக்கிடுதோம்"னு ஸ்வீட் பெட்டியைக் கையில வச்சுக்கிட்டுச் சிரிக்காவ. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியைப் பிடுங்கி... பிடுங்கினேன், ஆனா எறியல. நெய் மைசூர்பாகு. அது வெரி டீசென்டாவே இருந்துச்சு, நான் சொல்லுத அர்த்தத்துல.

ஆகவே அண்ணன் அவர்களே, இந்த வீட்டில் எங்களைக் கொண்டு சேர்த்தது நீங்கள்தான், வேறு வீடு பார்த்துத் தரவேண்டியதும் நீங்கள்தான். மாசக் கடைசிக்குள் வேண்டும். கேட்டில் போர்டே இல்லாத வீடாக இருந்தால் நல்லது. வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துகூடத் தெரியக் கூடாது. கொடி ரோட்டைப் பார்த்து இருக்க வேண்டும். நாங்கள் கத்துவோம், மீன் பொரிப்போம், வாசலில் உச்சிமாகாளி என்று கொட்டை எழுத்தில் எழுதி மாட்டுவோம். சம்மதம் உள்ள இடமாகப் பாருங்கள். டீச்சரம்மா முகத்தில் இனி நான் முழிக்கப் போவதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு போகிறேன் என்றால், அது கஞ்சிக்காக.

மதினிக்கு என் அன்பு. அவர்கள் முட்டிவலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், பிளாக்கை எடுத்தால் வந்து வாங்கிக்கொள்ளலாம். கடையில் விலை ஏறியே நிற்கட்டும், உங்கள் தும்மல் இறங்கட்டும், எல்லாச் சாமியும் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
டீசென்ட் இல்லாத உங்கள் தங்கை,
ராஜமணி உச்சிமாகாளி.

பின்குறிப்பு: கவரை ஒட்டி வச்சும் தபால்ல போட எனக்கு நேரமே கிடைக்கல. டீச்சரம்மாவை வீட்டுக்குக் கொண்டு வந்தாச்சு. ஸ்ரீகண்டன் சார் பெட்டியெல்லாம் கட்டி, காரையும் வாசல்ல நிப்பாட்டிட்டாரு. டீச்சரம்மா ஹால்ல நாற்காலியில உக்காந்தவுக எந்திரிக்கல. "நான் வரலை. பொழுது விடிஞ்சா கிரைண்டர் சத்தம் கேட்டாத்தான் நேக்கு மனுஷா இருக்கான்னு ஒரு தைரியம்"ன்னாவ. "இங்க உங்களைப் பாத்துக்க யாரு இருக்கா அத்தை?"ன்னு கேட்டாரு. "உச்சிமாகாளி இருக்கான்"ன்னாவ. ஒரு எழுத்துக் குறையாம, தெருவுக்கே கேக்குற மாதிரி. உங்க மாப்பிள்ளை சட்டுன்னு சமையக்கட்டுக்குள்ள போயிட்டாவ. வெங்காயம் நறுக்கப் போனேன்னாவ. நான் அன்னைக்கு வெங்காயமே வாங்கல. இப்ப நாங்க கீழேயே பின்கட்டுக்கு மாறிட்டோம், கிரைண்டரும் கீழே வந்துட்டு. ஆகையால் வீடு பாக்க வேண்டாம்.

மாடிதான் இப்ப காலியா கிடக்கு. ஆள் பாக்குற பொறுப்பை டீச்சரம்மா எங்கிட்ட விட்டிருக்காவ. எப்படித்தான் மூக்குல வேர்த்துச்சோ, நேத்து நான் அனுப்பின மெசேஜுக்கு முதல் தடவையா ரெண்டு டிக் விழுந்து, மதினியோட தம்பி பிரவின்ராஜுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் மாடியைக் கேட்டு நீங்க எழுதினதைப் பாத்தேன். தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. அவன் நல்ல பையன்தான். ஆனா சைலன்சரைக் கழட்டிட்டு பைக் ஓட்டுறான், சட்டையில்லாம மொட்டை மாடியில நின்னு போன் பேசுறான், சிரிச்சா நாலு வீட்டுக்குக் கேக்குது. வயசானவுக இருக்குற வீடு இது. வேற யாராவது கொஞ்சம் டீசென்டான குடும்பமா இருந்தாச் சொல்லுங்க.